கணக்குக் கேட்டால் உறவு முறியுமா?

(திருவண்ணாமலையில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘சொத்து விவகாரத்தில் உறவினரிடம் கணக்குக் கேட்பது உறவைக் காக்கிறதா? முறிக்கிறதா?’ ‘காக்கிறது’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ரொம்ப உருக்கமாகப் பேசினாங்க. “கூடப்பிறந்தவன்கிட்ட கணக்கா? தாய்ப்பாலுக்குக் கணக்கு உண்டா?”ன்னு கேட்டாங்க. முன்வரிசையில ஒரு அம்மா கண்ணைத் துடைச்சாங்க. நான் பார்த்தேன். பக்கத்துல அவங்க நாத்தனார் துடைக்கல. அதையும் பார்த்தேன். (சிரிப்பு)

தாய்ப்பாலுக்குக் கணக்கு இல்லை, ஒத்துக்கறேன். ஆனா நடுவர் அவர்களே, இன்னிக்கு நாம பேச வந்தது பாலைப் பற்றி இல்லை, பத்திரத்தைப் பற்றி! (கைதட்டல்)

கணக்கு எழுதுற வழக்கமே தமிழனுக்குக் கிடையாது, அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்றார் எதிரணித் தலைவர். ஐயா, நீங்க கல்யாணத்துக்கே போனதில்லையா? மண்டபத்துல பந்திக்குப் போற வழியில ஒரு மேசை. ஒருத்தர் கையில பெட்டி. ஒருத்தர் கையில நோட்டு. நோட்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ‘தாய்மாமன் ரூபாய் 10,001’ என்று எழுதுறாங்க. சில ஊர்ல மைக்குல வேற சொல்றாங்க. எந்தத் தாய்மாமனாவது ‘என் பாசத்துக்குக் கணக்கா?’ன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கானா? எழுதாம விட்டாத்தான் கோவிச்சுக்குவான்! (பலத்த சிரிப்பு) அந்த மொய் நோட்டு பீரோவில பட்டுப்புடவைக்கு அடியில முப்பது வருஷம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குச் செய்முறை செய்யறோம். எழுதி வச்சதால உறவு நின்னுதா, போச்சா?

இன்னும் கொஞ்சம் பின்னால போங்க. சோழர் காலத்துல கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்கணும்னா என்ன செய்தாங்க? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்க. ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதை ஒரு இடையர் பொறுப்பில் விடுவாங்க. அவர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்கணும். அந்த ஆட்டுக்குக் கல்வெட்டுகள்ல ஒரு பேரு வச்சாங்க: ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு! ஆடு சாகாதா? சாகும். ஆனா எண்ணிக்கை சாகக் கூடாது. கிழட்டு ஆடு போனா குட்டியை வச்சு 96-ஐ நிரப்பு. பால் உனக்கு, நெய் விளக்குக்கு, முதல் குறையக் கூடாது. ஆட்டை வாங்கினவர் மேல சந்தேகப்பட்டா கல்லுல வெட்டினாங்க? இல்லை. பேரன் காலத்திலும் விளக்கு எரியணும்னு வெட்டினாங்க. கடவுளுக்குக் கொடுத்ததுக்கே கணக்கு இருக்கும்போது கொழுந்தனுக்குக் கொடுத்ததுக்குக் கணக்கு வேண்டாமா? (கைதட்டல்)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பவர், பவர் என்று சொல்றோமே, அது என்ன? பழைய ஆட்கள் ‘முக்தியார்’னு சொல்லுவாங்க. பத்திர ஆபீஸ்ல ‘பொது அதிகார ஆவணம்’னு எழுதுவாங்க. நான் சுருக்கமாச் சொல்றேன். என் கையெழுத்தை இன்னொருத்தர் கையில கொடுத்துட்டு வர்றதுதான் பவர். சாவியைக் கொடுத்தா அவர் வீட்டைத் திறக்கலாம், பூட்டலாம். பவரைக் கொடுத்தா வீட்டையே தூக்கிக்கிட்டுப் போகலாம்!

கொடுக்கிறவர் முதல்வர். வாங்கிக்கிறவர் முகவர். முகவர் முதல்வர் ஆக முடியாது. இந்த நாட்டில் 1872-லேயே ஒப்பந்தச் சட்டம் வந்துவிட்டது. அதிலே 213-ஆவது பிரிவு சொல்கிறது: முதல்வர் கேட்டால் முகவர் ஒழுங்கான கணக்குக் கொடுத்தாக வேண்டும். நூற்றைம்பது வருஷத்துச் சட்டம், ஐயா. அதில் ‘தம்பியாக இருந்தால் வேண்டாம்’ என்று ஒரு வரி கிடையாது. ‘மச்சினனாக இருந்தால் கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கொள்’ என்றும் கிடையாது. (சிரிப்பு)

சட்டம் வேண்டாம், இதிகாசம் பேசு என்பீர்கள். பேசுவோம். என்னைக் கேட்டால் உலகத்தின் முதல் பவர் ஏஜெண்டு யார்? பரதன்! அண்ணன் காட்டுக்குப் போயிட்டான். நாடு தம்பி கையில. தம்பி என்ன செய்தான்? சிம்மாசனத்துல ஏறி உட்காரலை. பாதுகையை வச்சான், தான் நந்தியம்பதியில் கீழே உட்கார்ந்தான். காலம் குறிச்சான்: 14 வருஷம். ஒரு நாள் தாண்டினால் தீயில் இறங்குவேன் என்றான். அண்ணன் திரும்பி வந்ததும் வால்மீகியின் பரதன் என்ன சொல்கிறான் தெரியுமா? ‘கருவூலத்தைப் பாருங்கள், களஞ்சியத்தைப் பாருங்கள், படையைப் பாருங்கள், எல்லாம் பத்து மடங்காக இருக்கிறது’ என்கிறான். இராமன் கணக்குக் கேட்கலை, ஐயா. கேட்கிறதுக்கு முன்னாலேயே தம்பி கணக்கை எடுத்து வச்சான். அதனாலதான் அவன் பரதன்! (பலத்த கைதட்டல்)

இன்னொரு இதிகாசத்தையும் பாருங்க. பாண்டு காட்டுக்குப் போனான். நாடு அண்ணன் திருதராட்டிரன் கையில. காலக்கெடு இல்லை. கணக்கு இல்லை. பாண்டுவின் பிள்ளைகள் வளர்ந்து வந்து பங்கு கேட்டாங்க. பெரியப்பா மகன் ஊசிமுனை நிலம்கூட இல்லைன்னான். இரண்டு குடும்பத்திலும் பாசம் இருந்தது. ஒண்ணுல கெடுவும் கணக்கும் இருந்தது. ஒரு பட்டாபிஷேகத்துல முடிஞ்சது. ஒண்ணுல அது ரெண்டும் இல்லை, குருக்ஷேத்திரத்துல முடிஞ்சது.

இதிகாசத்துல நடந்தது இந்த ஊர்ல நடக்கலையா? சில வருஷங்களுக்கு முன்னால எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்றேன். பேர் சொல்ல மாட்டேன். ஆளையும் கொஞ்சம் மாத்தித்தான் சொல்றேன்.

அந்த அம்மா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் காலமாயிட்டார். வருங்கால வைப்பு நிதிப் பணத்துல கிரிவலப் பாதைப் பக்கம் ரெண்டு மனை வாங்கிப் போட்டிருந்தாங்க. வாங்கினப்ப அங்கே முள்ளுக்காடு. இன்னிக்கு அந்தப் பக்கம் நிலம் விக்கிற விலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்குப் பிரசவம்னு சிங்கப்பூருக்குப் போக வேண்டியிருந்தது. வாடகை வாங்கணும், வரி கட்டணும், பட்டா மாத்தணும். ‘நான் இருக்கேன்க்கா’ன்னான் தம்பி.

பத்திரம் தயாராகி வந்தது. முதல் பக்கத்துல வாடகை வசூலிக்க, வரி கட்ட. மூணாம் பக்கத்துல விற்க, அடமானம் வைக்க, தொகை பெற்றுக்கொள்ள. எழுதினவர் ஏற்கெனவே அடிச்சு வச்சிருந்த வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டுட்டார். அந்த அம்மா கண்ணாடியை எடுத்தாங்க. ‘தம்பி, ஒரு தடவை படிச்சுப் பார்த்துடறேன்’னாங்க. தம்பி கேட்டான்: ‘ஏன்க்கா, என் மேல நம்பிக்கை இல்லையா?’

அந்த அம்மா கண்ணாடியை உள்ளே வச்சுட்டாங்க.

நடுவர் அவர்களே, முப்பது வருஷம் பிள்ளைகள் விடைத்தாள்ல ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சுழிச்ச அம்மா! சொந்த சொத்தை எழுதிக் கொடுக்கிற தாளைப் படிக்கலை. ‘நம்பிக்கை இல்லையா?’ங்கிற ஒரே ஒரு கேள்விக்கு அவங்க கொடுத்த விலை ஒரு மனை.

ஆறு மாசம்னு போனவங்க ரெண்டரை வருஷம் இருந்துட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை தவறாம தம்பி போன்ல பேசுவான். ‘எல்லாம் நல்லா இருக்குக்கா.’ திரும்பி வந்தாங்க. பௌர்ணமிக்குக் கிரிவலம் போனாங்க. தன் மனைப் பக்கம் போர் போடுற சத்தம். ‘யாருப்பா?’ ‘இடம் வாங்கினவங்கம்மா.’ வாங்கினவர் யார்னு பார்த்தா, தம்பியோட மச்சினன்! அக்கா மனையைத் தம்பி வித்திருக்கான். தம்பி பொண்டாட்டியோட அண்ணன் வாங்கியிருக்கான். சந்தை விலைக்குக் கூட இல்லை, அரசாங்க வழிகாட்டி மதிப்புக்கு. (அரங்கில் சலசலப்பு)

தம்பியைக் கேட்டாங்க. ‘உனக்காகத்தான்க்கா வித்தேன். தொழில்ல போட்டிருக்கேன். ரெட்டிப்பா வரும்.’ சொந்தக்காரங்க எல்லாம் வந்தாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? எதிரணி சொன்ன அதே வசனம். ‘விட்டுடும்மா. வெளிய தெரிஞ்சா அசிங்கம். கூடப்பிறந்தவன்கிட்ட கணக்குக் கேட்டா உறவு போயிடும்.’ அந்த அம்மா ஒரு வருஷம் வாயைத் திறக்கலை. பவரை ரத்தும் பண்ணலை. அந்த ஒரு வருஷத்துல என்ன ஆச்சு? ரெண்டாவது மனை அடமானத்துக்குப் போச்சு!

கேட்கலை, அதனால் உறவு காப்பாற்றப்பட்டது என்கிறீர்களே! கேட்காத வருஷத்தில் காப்பாற்றப்பட்டது உறவு இல்லை, ஐயா. திருட்டு! (பலத்த கைதட்டல்)

கடைசியில் கேட்டது யார் தெரியுமா? ரெண்டு பேரையும் பெத்த அம்மா. 84 வயசு. மகனைக் கூப்பிட்டு முன்னால நிக்க வச்சு, ‘கணக்கைக் கொண்டாடா’ன்னாங்க. ‘என்னம்மா, நீயுமா?’ன்னான். அந்தப் பாட்டி சொன்னாங்க: ‘நான் பெத்தது ரெண்டு. ஒண்ணு இன்னொண்ணைத் தின்னா, நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?’

அதுக்கப்புறம்தான் வில்லங்கச் சான்று போட்டாங்க. பத்திர நகல் வாங்கினாங்க. பவரை ரத்து செய்து பதிவு பண்ணினாங்க. வக்கீலைப் பார்த்தாங்க. வாங்கினவர் விஷயம் தெரிஞ்ச சொந்தக்காரர், பணம் உடையவங்க கைக்கு வரவே இல்லை என்று சொல்லி வழக்குப் போட்டாங்க. போலீசுக்கும் புகார் போச்சு. இழுத்தது. நடுவுல சமரசம். அடமானத்துல இருந்த மனையைத் தம்பி மீட்டுக் கொடுத்தான். வித்ததுக்குப் பணம் தவணையில வந்தது. முழுசா வரலை. முக்கால்வாசி.

தம்பி இன்னும் அக்கா வீட்டுப் படி ஏறுறதில்லை. தம்பி மகள் மட்டும் வர்றா. ‘அத்தை’ன்னு கூப்பிடறா. கார்த்திகைக்கு வாசல்ல அகல் வச்சுட்டுப் போறா.

எதிரணி நண்பர் இப்பவே குறிப்பு எழுதுறார். எனக்குத் தெரியும். ‘பார்த்தீர்களா! கணக்குக் கேட்டார்கள், தம்பி உறவு போயிற்று!’ என்று எழுந்து சொல்லப் போகிறார். (சிரிப்பு) சொல்லுங்க. ஆனா ஒரு தேதியைச் சரியா எழுதிக்குங்க. உறவு எந்தத் தேதியில முறிஞ்சது? அக்கா கேட்ட தேதியிலா? மூணாம் பக்கத்தை மறைச்சு ‘நம்பிக்கை இல்லையா’ன்னு தம்பி கேட்ட தேதியிலா? டாக்டர் எக்ஸ்ரே எடுத்து ‘எலும்பு முறிஞ்சிருக்கு’ன்னு சொல்றார். எக்ஸ்ரே எடுத்ததாலதான் முறிஞ்சதுன்னு சொல்லுவீங்களா? (பலத்த கைதட்டல், சிரிப்பு)

இது நம்ம ஊர்ல மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் புரூக் ஆஸ்டர் என்று ஒரு பெரிய கோடீஸ்வர அம்மா. நூலகம், அருங்காட்சியகம் என்று வாரி வாரிக் கொடுத்தவர். வயதான காலத்தில் ஞாபகம் போய்விட்டது. பவர் ஒரே மகன் அந்தோணி மார்ஷல் கையில். 2006-இல் அவருடைய மகன், அதாவது அந்த அம்மாவின் பேரன் ஃபிலிப் மார்ஷல், ‘பாட்டியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, பொறுப்பை வேறு ஆளிடம் கொடுங்கள்’ என்று கோர்ட்டுக்குப் போனார். அப்பனை எதிர்த்துப் பிள்ளை! பாட்டி 2007-இல் 105 வயதில் இறந்தார். 2009-இல் மகன் குற்றவாளி என்று தீர்ப்பு. அதில் ஒரு குற்றம் என்ன தெரியுமா? அம்மா சொத்தைப் பார்த்துக்கொள்வதற்குத் தனக்குத்தானே சம்பள உயர்வு போட்டுக்கொண்டார். சுமார் 10 லட்சம் டாலர்! (சிரிப்பு) மேல்முறையீடெல்லாம் முடிந்து, 2013-இல் 89 வயதில் சிறைக்குப் போனார். உடம்பு முடியாமல் இரண்டு மாதத்தில் விட்டார்கள். அடுத்த வருஷம் இறந்தார்.

எண்பத்தொன்பது வயசுல ஜெயில்! யாராவது அறுபத்தைந்தாவது வயசிலேயே ‘அப்பா, பாட்டி கணக்கைக் காட்டுங்க’ன்னு ஒரு வார்த்தை கேட்டு, வருஷா வருஷம் பார்த்திருந்தா, அந்த மனுஷன் தப்பிச்சிருப்பார். கேட்கிறது ஏமாறப் போறவங்களை மட்டும் காப்பாத்தலை. ஏமாத்தப் போறவனையும் அவன்கிட்டேயிருந்தே காப்பாத்துது.

சரி, பேராசிரியரே, கணக்குக் கேக்கச் சொல்றீங்க, எப்படிக் கேக்கிறதுன்னு சொல்லுங்க என்று அந்தப் பக்கத்தில் ஒரு அம்மா கையைக் காட்டுறாங்க. சொல்றேம்மா. இது பட்டிமன்றம், ஆனா வீட்டுக்குப் போகும்போது கையில ஏதாவது இருக்கணும்.

பவர் கொடுக்கும்போதே நாலு காரியம். ஒண்ணு, எந்த வேலைக்கோ அந்த வேலைக்கு மட்டும் கொடுங்க. அதுக்குத் தனி அதிகார ஆவணம்னு பேரு. ‘விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் இல்லை’ன்னு தெளிவா ஒரு வரி எழுதச் சொல்லுங்க. ரெண்டு, பரதன் மாதிரி காலக்கெடு. இன்ன தேதி வரைக்கும்னு போடுங்க. மூணு, வர்ற பணம் உங்க பேங்க் கணக்குக்கு மட்டும் வரணும்னு எழுதுங்க. நாலு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு. அதையும் பத்திரத்திலேயே எழுதிட்டா, கேக்கிறப்ப கூச்சம் இருக்காது. ‘நான் கேக்கலைப்பா, பத்திரம் கேக்குது’ன்னு சொல்லிடலாம்! (சிரிப்பு, கைதட்டல்) இன்னொண்ணு. நீங்க பணம் வாங்காம, ‘தொகை பெற்றுக்கொண்டேன்’னு ஒரு வரியில கையெழுத்துப் போடாதீங்க. பணம் வாங்கிக்கிட்டு, அந்தச் சொத்திலேயே முகவருக்கு ஒரு பாத்தியதை ஏற்படுத்திக் கொடுத்த பவரை அப்புறம் நினைச்சபடி ரத்து பண்ண முடியாது.

மூலப் பத்திரத்தை உங்க கையிலேயே வச்சுக்குங்க. இதை நான் சொல்லலை. சேக்கிழார் காட்டுகிறார். நம்ம பக்கத்து மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர்ல நடந்த வழக்கு. சுந்தரர் கல்யாண மாலையோட நிக்கிறார். ஒரு கிழவர் ஓலையோட வந்து, ‘நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்திருக்கான்’ங்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிச்சுட்டார். கிழவர் அசரலை. ‘நீ கிழிச்சது நகல்தான், மூல ஓலை பத்திரமா இருக்கு’ன்னார்! அவையில் கேட்டது என்ன? அனுபவ பாத்தியதை உண்டா, ஆவணம் உண்டா, சாட்சி உண்டா? பாட்டனார் கையெழுத்தை வேற ஓலையோட ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னாங்க. சிவபெருமானே கோர்ட்டுக்கு வந்தாலும் மூலப் பத்திரத்தோடதான் வரணும்! (பலத்த கைதட்டல்)

அடுத்து, சாட்சிக் கையெழுத்துப் போடுற பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. ‘எங்கப்பா போடணும்?’னு கேட்டுட்டுப் படிக்காம போட்டுட்டு டிபன் சாப்பிடப் போறீங்களே, இந்த ஊர்க் கதை மறந்து போச்சா? பிரம்மா அன்னமாப் பறந்து முடியைத் தேடினார். காணலை. கீழே விழுந்துக்கிட்டிருந்த தாழம்பூவைப் பிடிச்சு, ‘நான் பார்த்தேன்னு ஒரு சாட்சி சொல்லிடு’ன்னார். பூவும் சொல்லிடுச்சு. பொய் சொன்ன பிரம்மாவுக்குக் கோயில் இல்லாம போச்சு. சாட்சி சொன்ன தாழம்பூவுக்குப் பூஜை இல்லாம போச்சு. அண்ணாமலையார் கோர்ட்டுல பொய்ச்சாட்சிக்கும் தண்டனை உண்டு! (கைதட்டல்)

தப்பு நடந்துட்டுதுன்னு தெரிஞ்சா? முதல் காரியம், அழுதுக்கிட்டே ஒரு வருஷத்தைக் கழிக்காதீங்க. பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கத்தைக் காசு இல்லாமலே பார்க்கலாம். வீட்ல இருக்கிற பேரப்பிள்ளைகிட்ட செல்போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. பவரை ரத்து செய்து பதிவு பண்ணுங்க. ரத்து பண்ணினா மட்டும் போதாது. முகவருக்குத் தெரியணும், அவரோட கொடுக்கல் வாங்கல் வைக்கிற வெளி ஆளுக்கும் தெரியணும். தெரியாத ஆளுக்கு அந்த ரத்து செல்லாதுன்னு ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு சொல்லுது. அதனால ஒப்புகை கிடைக்கிற மாதிரி தபால்ல அனுப்புங்க. வாடகைக்கு இருக்கிறவர், பேங்க், சார்பதிவாளர் எல்லாருக்கும் ஒரு கடிதம். பத்திரிகையிலும் ஒரு அறிவிப்பு. மோசடியா எழுதின பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போடணும்னா, விஷயம் தெரிஞ்ச நாளிலேருந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும். ‘பார்ப்போம், திருந்துவான்’னு நாலாவது வருஷம் வக்கீல்கிட்ட போனா அவரும் கையை விரிச்சுடுவார். நம்பிக்கை மோசடி குற்றம். 2024 ஜூலைக்குப் பிறகு நடந்ததுக்குப் புதிய நியாய சட்டத்தில் 316-ஆவது பிரிவு இருக்கு. கொடுத்தவர் கண்ணை மூடிட்டா சாதாரணப் பவரும் அதோட கண்ணை மூடிடும். அதுக்கப்புறம் விற்க முடியாது. ‘அப்பா கொடுத்த பவர் இருக்கு’ன்னு யாராவது நீட்டினா, ‘அப்பா இருக்காரா?’ன்னு கேளுங்க. (சிரிப்பு) துணைக்கு யாருமில்லாத பெரியவங்களுக்கு 14567-னு ஒரு உதவி எண் இருக்கு. எழுதி வச்சுக்குங்க.

இடம் வாங்குறவங்களும் கேட்டுக்குங்க. 2011 அக்டோபர்ல, சூரஜ் லாம்ப் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிட்டது: பவரை வாங்கி வச்சுக்கிட்டா நிலம் உங்களுடையது ஆகாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேணும். அதே தீர்ப்பு, மனைவிக்கோ பிள்ளைக்கோ தம்பிக்கோ நிர்வாகம் பண்ண நேர்மையா பவர் கொடுக்கிறதைத் தடுக்கலை. அதையும் சொல்லியாகணும். பவர் கெட்டதுன்னு நான் சொல்லலை. படுக்கையில இருக்கிற அப்பாவுக்கு, வெளிநாட்டுல இருக்கிற மகனுக்கு, அது இல்லாம முடியாது.

நடுவர் அவர்களே, கடைசியா ஒண்ணு. இதுவரைக்கும் கெட்ட தம்பியைப் பற்றியே பேசிட்டேன். நல்ல தம்பிகள் ஆயிரம் பேர் இந்த அரங்கத்துல இருக்காங்க. உண்மையில கணக்கு அவசியம் யாருக்கு? அவங்களுக்குத்தான்!

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி. அண்ணன் துபாயில. பதினொரு வருஷம் அண்ணன் வீட்டைக் கட்டி, வாடகைக்கு விட்டு, பார்த்துக்கிட்டவர். அண்ணன் ஊருக்கு வந்த ரெண்டாம் நாள், அண்ணி ஒரு மாதிரியா ஒரு வார்த்தை விட்டாங்க. ‘இவ்வளவு சிமெண்ட்டா ஆச்சு?’ன்னு. அந்தத் தம்பி கோவப்படலை. உள்ளே போய் ஒரு குயர் நோட்டை எடுத்துட்டு வந்து வச்சார். கரண்ட் பில்லு, செங்கல் லோடு, கொத்தனார் கூலி, ஒவ்வொரு ரசீதும் தேதி வாரியா ஒட்டியிருந்தது. கொத்தனாருக்கு வாங்கிக் கொடுத்த டீ வரைக்கும்! அண்ணி புரட்டிப் பார்த்தாங்க. நோட்டை மூடி, ‘சாப்பிட்டீங்களா தம்பி?’ன்னு கேட்டாங்க. (கைதட்டல்) அந்த நோட்டு இல்லேன்னா? அந்த ஒரு சிமெண்ட் மூட்டையில பதினொரு வருஷப் பாசமும் புதைஞ்சு போயிருக்கும். நேர்மையானவன் கையில இருக்கிற கணக்கு நோட்டு அவனுக்குக் கவசம். கேட்கிற அண்ணன் அந்தக் கவசத்தைப் போட்டுக்கச் சொல்றான். அவ்வளவுதான்.

அதனால இங்கே உட்கார்ந்திருக்கிற அக்காமார்களே, அண்ணன்மார்களே, பவர் கொடுத்திருந்தா இன்னிக்கு ராத்திரியே ஒரு போன் போடுங்க. கோவமா வேண்டாம். ‘தம்பி, இந்த மாசக் கணக்கை அனுப்புப்பா’ன்னு கேளுங்க. நல்லவனா இருந்தா அனுப்புவான். ‘நம்பிக்கை இல்லையா?’ன்னு திருப்பிக் கேட்டா, ‘நம்பிக்கை இருக்கு, அதான் உன்கிட்ட கேக்கறேன்’னு சொல்லிட்டு, மூணாம் பக்கத்தை எடுத்துப் படிங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இந்த மலை உச்சி 2,668 அடி. அங்கே ஏத்துற தீபத்துக்கு நீங்க நெய்க் காணிக்கை கொடுத்தா கோயில்ல ரசீது போட்டுத் தர்றாங்க. அந்த ரசீதை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிறோம். அண்ணாமலையார் மேல நம்பிக்கை குறைஞ்சு போச்சா? எனவே நடுவர் அவர்களே, உறவினரிடம் கணக்குக் கேட்பது உறவை முறிப்பதில்லை, காக்கவே செய்கிறது என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)